அம்பாசடரில் செல்ஃப் எடுக்கவில்லையா? சுவிட்சை மாற்றும் முன் இதைப் படியுங்கள்

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. இல்லாவிட்டால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு நாளாவது இதைப் பார்த்திருப்பார்கள். உடனே பழி விழுவது இக்னிஷன் சுவிட்ச் மீது. கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது, விலையும் அதிகமில்லை, அதனால் முதலில் அதை மாற்றிவிடுகிறோம். நான் பார்த்தவரை பெரிய தவறு இதுதான்.

எங்கள் வீட்டு 1978 மாடல் வண்டிக்கு ஒரே மாதத்தில் இரண்டு முறை சுவிட்ச் மாற்றினார்கள். கோளாறு அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால், எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையின் போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினோம். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது.

அதனால் முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் அப்படியே மங்கிப் போனால் பேட்டரி, அதன் டெர்மினல்கள், எர்த் ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள். செல்ஃப் மோட்டாரே இறுகிப்போயிருந்தாலும் இப்படி மங்கும். வெளிச்சம் கொஞ்சமும் குறையாமல் செல்ஃப் சும்மா இருந்தால்தான் சுவிட்ச், சொலினாய்டு (சாவியின் சிறு கரண்டை வாங்கி செல்ஃப் மோட்டாருக்குப் பெரிய கரண்டை விடும் காந்த சுவிட்ச்), இடையில் உள்ள ஒயர் என்று தேட வேண்டும். பேட்டரியையும் அளந்துவிடுங்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்த தவறை அனுபவமுள்ளவர்களே செய்கிறார்கள். டெஸ்ட் லேம்பை சுவிட்சின் டெர்மினலில் வைப்பார்கள், பல்ப் எரியும், “சுவிட்ச் நல்லா இருக்கு” என்று முடிவு கட்டிவிடுவார்கள். சின்ன பல்புக்குத் தேவையான கரண்ட் மிகவும் குறைவு. உள்ளே பித்தளைத் தகடு கருகி ஒரு ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் பல்ப் பளிச்சென்று எரியும். ஆனால் ஸ்பார்க் பிளக்குக்கு உயர் வோல்ட்டேஜ் தரும் காயிலுக்கு மூன்று, நான்கு ஆம்பியர் வேண்டும், சொலினாய்டுக்கு இன்னும் அதிகம். அந்தச் சுமை ஏறும்போதுதான் கருகிய இடம் தடுக்கும். சும்மா நிற்கும்போது மீட்டர் 12 வோல்ட் காட்டுவதையும் இதே காரணத்தால் நம்பக் கூடாது.

சரியான வழி, சுமை ஓடும்போது சுவிட்சின் குறுக்கே அளப்பது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி ஒயர் வரும் டெர்மினலிலும், மறுமுனையை இக்னிஷன் டெர்மினலிலும் வையுங்கள். சாவி ஆனில் இருக்க வேண்டும், டிஸ்ட்ரிப்யூட்டர் பாயின்ட் (காயிலுக்குப் போகும் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) மூடியிருக்க வேண்டும், வைப்பரையும் ஓட விடுங்கள். மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டினால் சுவிட்ச் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் உள்ளே கருகியிருக்கிறது. ஒருவர் செல்ஃப் அடிக்க, ஸ்டார்ட் டெர்மினலையும் இதே மாதிரி பார்க்கலாம். அளந்து முடித்ததும் சாவியை ஆஃப் செய்ய மறக்காதீர்கள். எஞ்சின் ஓடாமல் சாவி நெடுநேரம் ஆனில் இருந்தால் காயில் கொதித்துவிடும்.

ஒயரின் நிறத்தை மட்டும் நம்பிக் கழற்றுவதும் ஆபத்து. பிரிட்டிஷ் வழி வந்த வயரிங்கில் பிரவுன் ஒயர் பேட்டரியிலிருந்து பியூஸ் இல்லாமல் நேராக வரும். வெள்ளை இக்னிஷனுக்கு, வெள்ளையில் சிவப்புக் கோடு போட்டது செல்ஃபுக்கு. ஆனால் நாற்பது வருட வண்டியில் எத்தனை பேர் கை வைத்திருப்பார்கள்! கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்து, ஒவ்வொரு ஒயரிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். அதற்கும் முன்னால் பேட்டரியின் எர்த் பக்க ஒயரைக் கழற்றிவிடுங்கள். அந்த பிரவுன் ஒயர் பாடியில் உரசினால் தடுக்க பியூஸ் கிடையாது, வயரிங் மொத்தமும் புகைந்துவிடும்.

சிலர் சொலினாய்டின் டெர்மினல்களை ஸ்க்ரூ டிரைவரால் நேராக இணைத்து செல்ஃப் அடிப்பார்கள். சுவிட்ச் பழுதா என்று தெரிந்துகொள்ள உதவும் சோதனைதான். கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் மட்டும் செய்யாதீர்கள். கியரில் இருந்தால் வண்டி முன்னால் பாயும், நிற்பதோ அதன் எதிரே.

சாவித் துவாரத்தில் எண்ணெய் ஊற்றாதீர்கள். தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். கிராஃபைட் தூள் போதும். வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாம் ஒரே கொத்தில் தொங்கினால் அந்த எடை ஆடி ஆடி சுவிட்சின் உள்பாகம் தேயும். எஞ்சின் பிடித்த பிறகும் சாவி ஸ்டார்ட் நிலையிலிருந்து தானாகத் திரும்பி வராவிட்டால் ஸ்பிரிங் போய்விட்டது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் அடுத்து போவது செல்ஃப் மோட்டார்.

கடைசியாக, சுவிட்ச்தான் பழுது என்று உறுதியானால், அது ஏன் கருகியது என்றும் பாருங்கள். ஆடியோ, கூடுதல் ஹாரன், ஃபேன் என்று பிறகு சேர்த்த எல்லாவற்றுக்கும் இக்னிஷன் டெர்மினலிலிருந்தே ஒயர் இழுத்திருப்பார்கள். அந்தச் சுமையை அப்படியே விட்டால் புது சுவிட்சும் கருகும். ஒரு ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போட்டு, கனமான கரண்டை பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாகத் தனியாக எடுங்கள். சுவிட்ச் அந்த ரிலேயை இயக்கினால் மட்டும் போதும்.