சீரியல் விமர்சனம் எழுதப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

வாரவெளியீட்டுக்கு என்று வரும் தொலைக்காட்சி விமர்சனங்களில் பாதி, முதல் பந்தியிலேயே தொடரின் தலையெழுத்தை எழுதி முடித்துவிடுகின்றன. நாடகம் தொடங்கியது திங்கட்கிழமை. கட்டுரை புதன்கிழமையே கைக்கு வந்துவிடும். "இந்த ஆண்டின் தலைசிறந்த தொடர்" என்று ஒருவர் எழுதியிருப்பார், "வெறும் நேர விரயம்" என்று இன்னொருவர். இருவரும் பார்த்தது இரண்டே எபிசோட். மிச்சமிருக்கும் ஐந்நூறோ ஆயிரமோ எபிசோட்களுக்கு இன்னும் கதையே எழுதப்பட்டிருக்காது.

சினிமா விமர்சனம் வாசித்துப் பழகிய கை செய்கிற வேலை இது. படம் என்பது முடிந்துபோன பொருள். இரண்டரை மணி நேரத்தில் தலையும் வாலும் தெரிந்துவிடும். நாள்தோறும் வரும் தொடருக்கு வால் கிடையாது. நீங்கள் விமர்சனம் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் சென்னையில் ஒருவர் அடுத்த வாரத்துக்கு வசனம் எழுதிக்கொண்டிருப்பார். ஆகவே "எதுவரை பார்த்துவிட்டு எழுதுகிறேன்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். கொழும்பில் இந்தப் பத்தியை எழுத ஆசைப்படும் இளையவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த ஒரு வரியைத்தான். இதை விழுங்கிவிடுவதிலிருந்துதான் பல தவறுகள் கிளைக்கின்றன.

முதல் வாரத்தை நம்புவது

அமெரிக்காவில் பைலட் என்று ஒன்று எடுப்பார்கள். தொடரை அலைவரிசைக்காரரிடம் விற்பதற்கான மாதிரிச் சரக்கு அது. பிடித்திருந்தால்தான் மீதி எபிசோட்களுக்கு ஓடர் கிடைக்கும். அதனால் அதற்குக் காசும் கவனமும் கூடுதலாகவே போகும். அப்படியிருந்தும் சறுக்கும். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடருக்கு முதலில் எடுத்த பைலட் தேறவில்லை. இரண்டு முக்கிய பாத்திரங்களுக்கு நடிகைகளை மாற்றி, பெரும்பகுதியைத் திரும்ப எடுத்த பிறகுதான் 2011இல் ஒளிபரப்பானது. 'தி ஒபிஸ்' தொடரின் அமெரிக்கப் பதிப்பு 2005இல் வந்தபோது அதன் முதல் எபிசோட் பிரித்தானிய மூலத்தின் நகல் மாதிரியே இருந்தது. ஆறு எபிசோட் கொண்ட அந்த முதல் சீசனை வைத்துக் கணக்கை முடித்தவர்கள் பிறகு பேசாமல் இருந்துகொண்டார்கள். தொடர் 2013 வரை ஒன்பது சீசன் ஓடியது.

நம் பக்கத்தில் பைலட் இல்லை, ஆனால் முதல் வாரமே அந்த வேலையைச் செய்கிறது. கோயில் திருவிழா, தேர், ட்ரோன் காட்சி, பட்டுச்சேலையில் நூறு துணை நடிகர்கள். மூன்றாவது வாரம் கதை ஒரு ஹோலுக்குள் வந்து குந்திக்கொள்ளும். சோபா, மாடிப்படி, சாமிப்படம், அவ்வளவுதான். இனி வருபவர்கள் எல்லோரும் அந்தப் படியால்தான் இறங்கவேண்டும். திருவிழாவைப் பார்த்து "பிரமாண்டம்" என்று எழுதியவரின் கட்டுரை அப்போது என்னாகும்?

முதல் வாரத்தில் பார்க்கவேண்டியது வேறு. நாயகிக்கு என்ன வேண்டும், அதைத் தடுக்கிறவர் ஏன் தடுக்கிறார் என்று பாருங்கள். தடுக்கிறவருக்கு ஒரு நியாயம் இருந்தால் கதை நூறு எபிசோடாவது தாங்கும். வெறுமனே கண்ணை உருட்டத்தான் அந்த மாமியார் வந்திருக்கிறார் என்றால் ஆறு வாரத்தில் யாராவது விபத்தில் சிக்கி நினைவிழப்பார்கள். இவ்வளவையும் "முதல் பார்வை" என்று தலைப்பிட்டு எழுதுங்கள். ஒன்றரை மாதம் கழித்து இன்னொரு கட்டுரைக்கு ஆசிரியரிடம் இடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடிடி எனப்படும் இணையத் தளங்களில் வரும் தொடர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. 'சுழல்' 2022இல் வந்தபோது எட்டு எபிசோடும் ஒரே நாளில் கைக்கு வந்தன. அதில் இரண்டைப் பார்த்துவிட்டு எழுதுவது சோம்பேறித்தனம். வெளிநாட்டுப் பத்திரிகை விமர்சகர்களுக்கு ஒளிபரப்புக்கு முன்பே சில எபிசோட்கள் அனுப்பப்படும். எத்தனை பார்த்தோம் என்பதை அவர்களில் பலர் கட்டுரையிலேயே குறிப்பிடுவார்கள். நமக்கு அப்படி ஒன்றும் பெரும்பாலும் வருவதில்லை. வாசகர் பார்க்கும்போதுதான் நாமும் பார்க்கிறோம். அதனால் என்ன, அவசரம் ஒன்றும் இல்லையே.

திரும்பி வரும் தொடரைப் பழைய கண்ணால் அளப்பது

புதிய தொடரைவிட இரண்டாம் பாகத்தை எழுதுவது கடினம். வாசகர் ஏற்கெனவே ஒரு நினைவோடு இருக்கிறார், விமர்சகரும் அப்படித்தான். அந்த நினைவைத் தொடரின் மேல் ஏற்றிவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

1999இல் சன் டிவியில் தொடங்கிய 'சித்தி' கொழும்பிலும் வீட்டுக்கு வீடு ஓடியது. 2020இல் 'சித்தி 2' வந்தபோது வெளியான குறிப்புகள் பல, பாட்டையும் பாட்டி காலத்தையும் நினைத்து உருகுவதோடு நின்றுவிட்டன. சித்தியாக நடித்த ராதிகா நடுவில் விலகினார். சித்தி இல்லாத 'சித்தி 2' தொடர்ந்து ஓடி 2022இல் முடிந்தது. விமர்சகர் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அங்கேதான் இருந்தது: மையப் பாத்திரம் போன பிறகு கதையை யார் சுமக்கிறார்கள்? உருகியவர்கள் அதற்குள் வேறு தொடருக்குப் போய்விட்டார்கள்.

சன் டிவியின் 'எதிர்நீச்சல்' இன்னும் நல்ல பாடம். வீட்டையே மிரட்டி வைக்கும் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டெம்பரில் காலமானார். அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். வந்த அன்றே "மாரிமுத்து மாதிரி இல்லை" என்று எழுதினார்கள். எப்படி இருக்கும்? "இந்தாம்மா ஏய்" என்று அவர் இழுக்கிற இழுப்பில் மிரட்டலும் இருக்கும், பார்ப்பவருக்குச் சிரிப்பும் வரும். அந்தக் குரலுக்கென்றே வசனம் வளைந்திருந்தது. புதியவர் கனமான முகம், கனமான குரல். அவருக்காக வசனம் மாறியதா, இல்லை பழைய சட்டையையே அவருக்கும் மாட்டிவிட்டார்களா என்பதுதான் பார்க்கவேண்டியது. தயாரிப்பாளர் எடுத்த முடிவையும் சாவு திணித்த முடிவையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. 2024 டிசம்பரில் இரண்டாம் பாகம் வந்தபோது நாயகி ஜனனியாக மதுமிதாவுக்குப் பதிலாகப் பார்வதி நடித்தார். நடிகை மாறியதைச் சொல்ல ஒரு வரி போதும். முதல் பாகத்தில் குணசேகரன் வீட்டுப் பெண்கள் ஒவ்வோர் அடியாகப் பெற்ற துணிச்சல் இரண்டாம் பாகத்தில் மிச்சமிருக்கிறதா, அல்லது மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்குகிறார்களா என்பதற்கு மூன்று பந்தி கொடுக்கலாம்.

பிக் பாஸ் மாதிரி நிகழ்ச்சிகளில் தொகுப்பாளர் மாறினால் கட்டுரை முழுக்க அதுவே ஆகிவிடுகிறது. ஏழு சீசன் கமல்ஹாசன், 2024இலிருந்து விஜய் சேதுபதி. சரி, அவர் வாரத்தில் இரண்டு நாள்தானே வருகிறார்? மற்ற ஐந்து நாளும் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று யாராவது எழுதுங்களேன்.

ப்ரோமோவின் வாயால் பேசுவது

இதை ஓர் உதாரணத்தோடு காட்டுவது நல்லது. இப்படி ஒரு பந்தி அடிக்கடி வரும்: "குடும்ப உறவுகளின் உணர்ச்சிப் போராட்டத்தை விறுவிறுப்பான திரைக்கதையோடு சொல்லும் இத்தொடரில் நடிகர்கள் அனைவரும் தமது பாத்திரத்தை உணர்ந்து நடித்துள்ளனர்." தொடரின் பெயரை எடுத்துவிட்டால் இந்த வரி எந்தத் தொடருக்கும் பொருந்தும். அலைவரிசை அனுப்பிய அறிவிப்பிலும் ஏறக்குறைய இதுவேதான் இருக்கும்.

அதே எபிசோடைக் கண்ணால் கண்டபடி எழுதினால்: "மருமகள் கடிதத்தை மேசையில் வைக்கிறாள். அடுத்து ஏழு பேரின் முகம் ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடி முழக்கம். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிவதற்குள் விளம்பரம். திரும்பி வந்ததும் அதே ஏழு முகம்." அரை மணி நேர இடத்தில் கதைக்குக் கிடைப்பது ஏறத்தாழ இருபது நிமிடம். அதில் முகங்களுக்கு எவ்வளவு போனது என்று கைத்தொலைபேசியில் நேரம் பார்த்து எழுதினால், "ஜவ்வு மாதிரி இழுக்கிறார்கள்" என்று நீங்கள் சொல்லவே தேவையில்லை.

டப்பிங் தொடரில் இன்னொரு வில்லங்கம் உண்டு. இந்தித் தொடர் தமிழில் வரும்போது முகம் ஒருவருடையது, குரல் மற்றவருடையது. "அழுகைக் காட்சியில் உருக்கினார்" என்றால் யார் உருக்கினார்? ஒலியைக் குறைத்துவிட்டு அந்தக் காட்சியை ஒருமுறை பாருங்கள். பாதி விடை கிடைத்துவிடும்.

ஊர்ப்பாசமும் டீஆர்பியும்

2019 பிக் பாஸில் இலங்கையிலிருந்து போன லொஸ்லியாவும் தர்ஷனும் இருந்தார்கள். 2022இல் ஜனனி. நம் பிள்ளைகள் போனால் கொழும்பே வாக்கு கேட்கும், அதில் பிழையில்லை. வாசகர் ஆசைப்படட்டும். பத்தி எழுதுகிறவர் அந்த வரிசையில் நின்றால் அது பிரசார நோட்டீஸ். 2019இல் வென்றது மலேசியாவின் முகென் ராவ். அவர் ஏன் வென்றார் என்பதை விளக்கும் கட்டுரையை இங்கே நான் காணவில்லை.

"டீஆர்பியில் முதலிடம்" என்று எழுதுவதும் கவனிக்கவேண்டியது. எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்று கணிக்கும் அந்த இலக்கம் இந்தியாவுக்குள் தெரிவு செய்த வீடுகளில் பொருத்திய கருவிகளிலிருந்து வருகிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனை பேர் பார்த்தாலும் அது அதில் ஏறாது. ஆகவே அதை வைத்து "நம் மக்கள் கொண்டாடும் தொடர்" என்று எழுதாதீர்கள். தரத்துக்கும் அது சாட்சியல்ல, ஆனால் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

திருப்பத்தைப் போட்டுடைப்பது பற்றியும் சுருக்கமாக. ஒரே மாடிக் குடியிருப்பில் மேல்வீட்டார் சென்னை அலைவரிசையை நேரடியாகப் பார்ப்பார்கள். கீழ்வீட்டார் ஞாயிறு வரை சேர்த்து வைத்துத் தொலைபேசியில் பார்ப்பார்கள். உள்ளூர் அலைவரிசையில் அதே தொடர் பின்தங்கியும் வரலாம். யார் செத்தார் என்பதைத் தலைப்பில் போடாதீர்கள். உள்ளே சொல்லத்தான் வேண்டுமென்றால் முன்னமே எச்சரித்துவிடுங்கள்.

உள்ளூர் நாடகத்துக்குத் தனித் தராசு

ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. தமிழுக்கென்று சக்தி, வசந்தம், நேத்ரா என்று அலைவரிசைகள் பின்னால் வந்தன. இருந்தும் இங்கே தயாராகும் தமிழ் நாடகம் அரிது. அரிது என்பதாலேயே இரண்டு விதமாகக் கெடுக்கிறோம். ஒன்று, "நம்மவர் முயற்சி, பாராட்டுவோம்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போவது. இல்லையென்றால் சன் டிவியோடு ஒப்பிட்டு வெளிச்சம் போதாது, செட் போதாது என்று பட்டியல் போடுவது. பணம் இல்லாததால் வந்த குறையையும் கவனம் இல்லாததால் வந்த குறையையும் பிரித்துப் பாருங்கள். ஒரே வீட்டில் முழுக் கதையும் நடப்பதற்குக் காரணம் பணம். கொட்டாஞ்சேனைக் கடைக்காரர் சென்னைத் தமிழ் கதைப்பதற்குப் பணம் காரணமல்ல.

உள்ளூர் நாடகத்தில் விமர்சகருக்கு ஒரு வசதியும் இருக்கிறது. இயக்குநர் இதே நகரத்தில் இருப்பார். தொலைபேசியில் எடுத்து, படப்பிடிப்பு எத்தனை நாள் நடந்தது, ஒலி அங்கேயே பதிந்ததா அல்லது பிறகு சேர்த்ததா, வசனத்தை யார் பார்த்தது என்று கேட்கலாம். சொன்னால் அதையும் கட்டுரையில் போடுங்கள். "கொஞ்சம் பார்த்து எழுதுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தால், பார்த்ததை எழுதுங்கள்.