விமானத் தொழிலிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு: வேலையை விடும் முன்னும் சேர்ந்த பின்னும்

விமானத் துறையில் பத்துப் பதினைந்து ஆண்டு வேலை பார்த்தவர் பேராசிரியராக மாற நினைத்தால், ராஜினாமாக் கடிதம் கடைசியாக எழுத வேண்டியது. அதற்கு முன் குறைந்தது மூன்று ஆண்டுக்கான வேலை காத்திருக்கிறது.

முதலில் பட்டம். ஐஐடிகளில் உதவிப் பேராசிரியராகச் சேர பிஎச்.டி. கட்டாயம். வேலையில் இருந்தபடியே பகுதிநேரமாகப் பதிவு செய்யலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகளின்படி குறைந்தது 3 ஆண்டு ஆகும். பாடப்பகுதி குறைந்தது 12 கிரெடிட் (பாடச்சுமையை அளக்கும் அலகு). நிறுவனம் தரும் தடையில்லாச் சான்றில், பாடப்பகுதியை முடிக்கத் தேவைப்பட்டால் பணியிலிருந்து விடுவிப்போம் என்ற வரியும் இருக்க வேண்டும். கையெழுத்தாகும் முன்பே அதைச் சரிபாருங்கள். 15 ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு, பிஎச்.டி. இல்லாமலேயே ‘புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்’ (தொழில் அனுபவத்தை வைத்துத் தரும் பேராசிரியர் பணி) என்ற வழி உண்டு. ஆனால் அது மொத்தம் 4 ஆண்டைத் தாண்டாது. நிரந்தரப் பணியும் அல்ல.

பெரும்பாலோர் சறுக்குவது ஆய்வுக் கட்டுரையில்தான். நிறுவனத்தில் வடிவமைத்த இறக்கையையோ டர்பைன் பிளேடையோ வெளியிட முடியாது. அங்கே பார்த்த சிக்கலை மட்டும் எடுத்துக்கொண்டு, வடிவமும் சோதனைத் தரவும் பொதுவெளியில் உள்ள ஒன்றுக்கு மாற்றுங்கள். காற்றியக்கம் என்றால் எல்லோரும் பயன்படுத்தக்கூடிய நாசாவின் காமன் ரிசர்ச் மாடல் விமான வடிவம் அல்லது ஓநேரா எம்6 இறக்கை. என்ஜின் பழுதுக் கணிப்பு என்றால் நாசாவின் சி-மேப்ஸ் தரவு. அப்போதும் நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கிவிடுங்கள். எழுதும் முறையும் மாற வேண்டும். ‘எடை 4 கிலோ குறைந்தது’ என்றால் அலுவலகத்தில் வேலை முடிந்தது. ஏன் குறைந்தது, எந்த எல்லை வரை அது செல்லுபடியாகும் என்று ஆய்விதழ் கேட்கும்.

பரிந்துரைக் கடிதம் தருபவர்கள் எல்லோரும் உங்கள் மேலாளர்களாக இருந்தால் தேர்வுக் குழு தயங்கும். இரண்டு பேராசிரியர்களாவது உங்கள் ஆய்வைப் படித்தவர்களாக இருக்கட்டும்.

சேர்ந்ததும் முதல் பருவத்தில் ஒரு தியரி பாடத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். 3 கிரெடிட் பாடம் ஏறக்குறைய 40 வகுப்பு. புதிதாக எடுக்கும் ஒரு வகுப்புக்கு ஐந்தாறு மணி நேரத் தயாரிப்பு சாதாரணம். தொழிலிலிருந்து வருபவர்கள் மென்பொருளின் மெனுவைச் சொல்லிக்கொடுப்பதில் நழுவிவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக உலோகச் சோர்வுப் பாடத்தை (திரும்பத் திரும்ப வரும் சுமையால் உலோகம் விரிசல் விடுவது), 1988 ஏப்ரலில் பறக்கும்போதே கூரை பிய்ந்த அலோஹா ஏர்லைன்ஸ் விமானத்தின் விபத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள். 89,680 முறை பறந்து இறங்கிய போயிங் 737 அது. உடற்பகுதியின் ஆரம் 1.88 மீட்டர், தகடு 0.9 மில்லிமீட்டர், உள் அழுத்த வேறுபாடு 0.052 மெகாபாஸ்கல் என்று கரும்பலகையில் எழுதி, உள்ளிருக்கும் சட்டகங்கள் தாங்கும் பங்கை விட்டுவிட்டுக் கணக்கிடச் சொன்னால், தகட்டின் சுற்றுத் தகைவு (உள் அழுத்தம் உடற்பகுதியைச் சுற்றுவாக்கில் இழுக்கும் தகைவு) சுமார் 109 மெகாபாஸ்கல் வரும். அந்த அலுமினியம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பிறகு ஏன் கூரை பிய்ந்து போனது? தகடுகளின் ஒட்டு விட்டு, சுமை முழுதும் ரிவெட் துளைகளுக்கு வந்தது, துளைக்குத் துளை விரிசல் முளைத்து ஒன்றோடொன்று இணைந்தது என்பதை மாணவர்களே தேடி வரட்டும்.

ஆய்வகக் காற்றுச் சுரங்கத்தில் மாதிரியின் சிறிய அளவு ஏமாற்றும். 100 மில்லிமீட்டர் நாண் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையிலான நீளம்) உள்ள இறக்கை மாதிரியை 25 மீட்டர்/வினாடி காற்றில் வைத்தால் ரெனால்ட்ஸ் எண் (வேகம், அளவு, பாகுத்தன்மை மூன்றையும் சேர்த்து ஓட்டத்தின் தன்மையைக் காட்டும் எண்) 1.7 லட்சம்; உண்மையான விமானத்தில் அது கோடியைத் தாண்டும். மாதிரியில் சீரோட்டம் (கொந்தளிப்பில்லாத ஓட்டம்) பரப்பிலிருந்து முன்கூட்டியே பிரிந்து, ஏற்ற விசை புத்தக வரைபடத்தோடு பொருந்தாமல் போகும். முன்விளிம்புக்கு அருகே, ஓட்டத்தைக் கொந்தளிப்பாக்கும் மெல்லிய சொரசொரப்புப் பட்டையை ஒட்டாமல் ஒரு முறை, ஒட்டி ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள்.

ஆய்வு நிதிக்கு ஏஎன்ஆர்எஃப் (தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை), பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் விமானவியல் ஆராய்ச்சி வாரியம் (ஏஆர்&டிபி), இஸ்ரோவின் ரெஸ்பாண்ட் திட்டம் ஆகியவற்றை முதல் ஆண்டிலேயே அணுகுங்கள். பணம் வந்தாலும் டெண்டர் முடிந்து கருவி வந்து சேர மாதக்கணக்காகும். ஆகவே முதல் பிஎச்.டி. மாணவரின் தலைப்பை இன்னும் வாங்காத கருவியை நம்பி வைக்காதீர்கள்; கணினியிலோ துறையில் ஏற்கெனவே உள்ள காற்றுச் சுரங்கத்திலோ தொடங்கக்கூடியதாக வையுங்கள்.