இரத்தசோகை: எம்சிவியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி

ஹீமோகுளோபின் குறைந்திருந்தால், அடுத்து எம்சிவியைப் பாருங்கள். சிவப்பணுவின் சராசரிப் பருமன் அது. பெரியவர்களுக்கு 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் வரை இயல்பு. குறைந்தால் சிற்றணு இரத்தசோகை, கூடினால் பேரணு இரத்தசோகை.

சிற்றணு என்றால் முதல் சந்தேகம் இரண்டு: இரும்புச்சத்துக் குறைபாடு, தலசீமியா (ஹீமோகுளோபின் உற்பத்தி குறையும் மரபுக் கோளாறு) கேரியர் நிலை, அதாவது முழு நோயின்றி அதன் மரபணுவைச் சுமப்பது. பிரித்தறியும் துப்பு அதே ரிப்போர்ட்டில் இருக்கிறது. எம்சிவியைச் சிவப்பணு எண்ணிக்கையால் (மில்லியனில்) வகுங்கள். எம்சிவி 62, எண்ணிக்கை 5.8 என்றால் விடை 10.7. 13-க்குக் கீழே தலசீமியா பக்கம், மேலே இரும்புக் குறைபாட்டின் பக்கம். இரும்பு கிடைக்காத எலும்பு மஜ்ஜை அணுக்களையே குறைவாகத்தான் செய்யும். கேரியரின் மஜ்ஜையோ பொடி அணுக்களை ஏராளமாகச் செய்யும். ஆனாலும் இது ஊகக் கணக்குதான், தவறவும் செய்யும்.

உறுதிப்படுத்த ஃபெர்ரிட்டின்: உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் புரதம். மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழே என்றால் இரும்பு இல்லை என்றே கொள்ளலாம். இயல்பாக இருந்தால் அவசரப்பட வேண்டாம்: தொற்றோ அழற்சியோ இருந்தால் ஃபெர்ரிட்டின் பொய்யாக ஏறும். அப்போது டிஐபிசி (இரத்தம் எவ்வளவு இரும்பைப் பிணைக்க முடியும் என்ற அளவு) உதவும். இரும்புக் குறைபாட்டில் அது கூடும், நாள்பட்ட நோயின் சோகையில் குறையும். தலசீமியாவுக்கு, ஹீமோகுளோபின் ஏ2 (ஹீமோகுளோபினின் ஒரு சிறு வகை) 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பீட்டா தலசீமியா கேரியர். இரும்புக் குறைபாடு ஏ2-வைக் கீழே இழுத்துவிடும் என்பதால், எல்லைக்கோட்டு மதிப்பு வந்தால் இரும்பைச் சரிசெய்தபின் மறுபடி பாருங்கள். இன்னொரு வகையான ஆல்ஃபா தலசீமியா கேரியருக்கு ஏ2 ஏறவே ஏறாது. மரபணுச் சோதனைதான் வழி.

இரும்புக் குறைபாடு என்பது பாதி விடைதான். ஆண்களிடமும் மாதவிடாய் நின்ற பெண்களிடமும் குடலில் இரத்தம் கசிகிறதா என்று தேடாமல் மாத்திரை மட்டும் கொடுத்தால், புற்றுநோயைக்கூடத் தவறவிடலாம்.

பேரணு என்றால் இரத்தப் பூச்சை (கண்ணாடித் தகட்டில் தடவிய இரத்தம்) நுண்ணோக்கியில் பாருங்கள். நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுவின் கருவில் ஆறு மடல்கள் தெரிந்தால் பி12 அல்லது ஃபோலேட் குறைபாடு. தெரியாவிட்டால் மது, கல்லீரல் நோய், தைராய்டு குறைவு, சில மருந்துகள். முதியவர்களிடம் மஜ்ஜைக் கோளாறும். ரெட்டிக்குலோசைட் (இளம் சிவப்பணு) கூடியிருந்தால் இரத்த அழிவையோ இரத்தப்போக்கையோ நினையுங்கள். இளம் அணுக்கள் பெரியவை.

பி12 அளவு மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. 200–300 என்றால் இரத்தத்தில் மெத்தில்மலோனிக் அமிலம் என்ற பொருளின் அளவைப் பாருங்கள்: பி12 குறைவில் ஏறும், ஃபோலேட் குறைவில் ஏறாது. ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இரண்டிலும் ஏறும். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் தருவது ஆபத்து. இரத்தம் தேறும், நரம்புச் சேதம் தொடரும்.

எம்சிவி 88 என்று இருந்தும் ஆர்டிடபிள்யூ (சிவப்பணுக்களின் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்பது) ஏறியிருக்கிறதா? இரும்பும் பி12-உம் சேர்ந்தே குறைந்திருக்கலாம். சிறியதும் பெரியதும் கலந்து சராசரி நடுவில் வந்து நிற்கிறது.