எட்டு மாசம் பூட்டிக் கிடந்த இன்வெர்ட்டர் ஏசி: ரிமோட்டைத் தொடுவதற்கு முன்

அப்பாவுக்கு உடம்பு முடியாமல் ஆகஸ்டில் தஞ்சாவூர் போனவன், திருவான்மியூர் வீட்டுக்குத் திரும்பியது ஏப்ரலில். கதவைத் திறந்ததும் ஒரே புழுக்கம். எம்சிபியை (ஏசிக்கான ட்ரிப்பர் சுவிட்ச்) தூக்கிவிட்டு ரிமோட்டை அமுக்கினேன். பால்கனியில் 'டப்' என்று ஒரு சத்தம். மெக்கானிக் வந்து அவுட்டோர் மூடியைக் கழற்றிக் காட்டினார்: சர்க்யூட் போர்டு மேல் கருகிய பல்லி. பதினோராயிரம் போச்சு.

பழைய ஏசி இப்படியா படுத்தியது என்றார் அம்மா. நியாயமான கேள்வி. அதன் அவுட்டோரில் பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டரும் நாலு ஒயரும்தான் இருக்கும். இன்வெர்ட்டரில், கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு முழு போர்டே உட்கார்ந்திருக்கிறது. கரண்டை மிச்சம் பிடித்துத் தருவதும் அந்தப் போர்டுதான், சும்மா கிடந்தால் முதலில் சீக்கு வாங்குவதும் அதுதான். தினமும் ஓடினால் அந்தச் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அணைந்தே கிடந்தால் ஈரமும் கடல் உப்பும் சேர்ந்து அரிக்கும்.

1. எம்சிபி ஆஃப். இன்டோர் ஃபில்டரைக் கழுவிக் காயவையுங்கள். ரிமோட்டில் பழைய பேட்டரி கசிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. அவுட்டோரைத் திறந்து பார்ப்பது. நான் கோட்டைவிட்ட இடம் இதுதான். வாரண்டி இருந்தாலோ, யூனிட் வெளிச்சுவரில் தொங்கினாலோ நீங்கள் கை வைக்காதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள். என்னுடையது பால்கனித் தரையில் இருப்பதால் மேல்மூடியைக் கழற்ற முடிந்தது. ஆஃப் செய்து பத்து நிமிஷமாவது பொறுக்க வேண்டும். அதற்குப் பிறகும் போர்டில் விரல் படக்கூடாது. அங்கே உள்ள பெரிய கெப்பாசிட்டர்கள் கரண்ட் போன பிறகும் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்: பல்லி, எறும்பு, பச்சை பூத்த காப்பர், எலி கடித்த ஒயர். ஏதாவது ஒன்று கண்ணில் பட்டாலும் ஆன் செய்யாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

பல்லி வராமலிருக்க பாச்சை உருண்டை போடச் சொன்னார்கள். போட்டேன். அடுத்த வாரம் அதன் பக்கத்திலேயே ஒரு பல்லி படுத்திருந்தது. கடைசியில் ஒயர் நுழையும் ஓட்டையை ஏசி புட்டி (மாவு மாதிரி பிசைந்து ஓட்டை அடைப்பது) வைத்து அடைத்தேன். காற்றுப் போகும் வழியை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

3. ட்ரெயின் பைப். வெளி முனையில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். குச்சியால் தட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் திரும்பி வந்து கட்டில் மேல் சொட்டும்.

4. ஆன் செய்வது. முதலில் அரைமணி ஃபேன் மோடில் மட்டும். பிறகு கூல், 18 டிகிரி, ஃபேன் வேகம் அதிகபட்சம். 24-ல் வைத்துச் சோதித்தால் அறை குளிரக் குளிர இன்வெர்ட்டர் தானே வேகத்தைக் குறைக்கும். 'கூலிங் வரலை, கேஸ் இல்லை' என்று அதைப் பார்த்துத்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். கால்மணி கழித்து உள்ளே இழுக்கும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் தெர்மாமீட்டரில் பாருங்கள். பத்து டிகிரியை ஒட்டி வித்தியாசம் இருந்தால் நிம்மதி. என்னிடம் ஒயரைக் கவ்வி கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரும் இருக்கிறது. ஏசி வைத்திருக்கும் வீட்டில் மிக்ஸிக்கு அடுத்து வாங்க வேண்டியது அதுதான் என்பேன், வீட்டில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

பின்சேர்க்கை: "ஓட்டாமல் வைத்தால் கேஸ் ஆவியாகிவிடுமா?" என்று வேளச்சேரி வாசகர் கேட்டிருந்தார். ஆகாது. மூடிய குழாய்க்குள் இருப்பது தானாகக் குறையாது, குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். அவர் புது பிளாட்டில் பிளைவுட் வேலை முடித்த கையோடு பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். பிளைவுட், பசை, பெயின்ட்டிலிருந்து வரும் அமில ஆவியும் ஈரமும் சேர்ந்தால் காப்பர் குழாயில் எறும்புப் புற்று மாதிரி கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். அது நடந்திருக்க வாய்ப்புண்டு. நைட்ரஜன் அடித்து லீக் பார்க்காமல் கேஸ் மட்டும் ஏற்றிவிட்டுப் போகும் ஆளுக்குக் காசு கொடுக்காதீர்கள். பல புது ஏசிகளில் இருக்கும் ஆர்32 தீப்பிடிக்கக்கூடிய கேஸ் வேறு. அது உள்ளே இருக்கும்போது குழாயில் வெல்டிங் வைக்கவும் விடாதீர்கள்.

இந்த முறை ஊருக்குப் போகும் முன் வெயில் நாளாகப் பார்த்து நாலு மணிநேரம் ஃபேன் மோடில் ஓட்டி உள்ளே காயவைத்தேன். ரிமோட் பேட்டரியைக் கழற்றி, எம்சிபியை இறக்கி, சாவியை மேல்வீட்டு மாமியிடம் கொடுத்திருக்கிறேன். மாசம் ஒருமுறை மதியம் வந்து, பல்லி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அரைமணி ஏசி போட்டு உட்கார்ந்துவிட்டுப் போகிறார். போன மாசம் இரண்டு மணிநேரம் உட்கார்ந்தாராம்.