கட்டளையின் வெளியீட்டை ஸ்கிரிப்ட்டில் வெட்டி எடுப்பவர்கள் கவனிக்க

திருகோணமலையில் ஒரு ஸ்டூடியோக்காரரின் கணினியைத் திறந்தால் 'கோணேசர் தேர் 2', 'நிலாவெளி கல்யாணம் (புதுசு)' என்றுதான் ஃபோல்டர்கள் கிடக்கும். இவற்றை இரவில் பேக்கப் எடுக்க ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு நிரல்) எழுதுபவர், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை தரும் பட்டியலை இடைவெளியில் வெட்டினால் 'கோணேசர்', 'தேர்', '2' என மூன்று பெயர்கள் கிடைக்கும். மூன்றுமே வட்டில் இல்லாதவை. வரிவரியாக வெட்டுவதும் முழுக்கச் சரியில்லை, லினக்ஸில் பெயருக்குள்ளேயே புதுவரிக் குறி இருக்கலாம். கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையை '-பிரிண்ட்0' உடன் ஓட்டுங்கள். பெயருக்குள் வரவே முடியாத பூச்சிய பைட்டால் அது பிரித்துத் தரும். பைதன் மொழியில் எழுதுவதானால் எல்எஸ்ஸே தேவையில்லை, ஃபோல்டரைப் படிக்கும் அதன் ஓஎஸ்.ஸ்கேன்டிர் போதும்.

தமிழ்ப் பெயர்களுக்கு வேறு வில்லங்கமும் உண்டு. கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் ஸ்டேட்டஸ் கட்டளை அவற்றை '\340\256' என்று எண்களாக மாற்றி, மேற்கோளுக்குள் போட்டுக் காட்டும். ஸ்கிரிப்ட்டுகளுக்கென்றே உள்ள அதன் போர்ஸலின் வடிவத்தை '-இசட்' உடன் கேட்டால் பெயர் அப்படியே வரும். அப்புறம், 'கோ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒற்றைக் குறியாக, அல்லது இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாக. பார்வைக்கு ஒன்றுதான், ஒப்பிட்டால் பொருந்தாது. ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் ஒற்றைக் குறியாகச் சேர்த்தெழுதும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கட்டளையை ஒரே சரமாக (எழுத்துத் தொடராக) ஒட்டி, கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல்லிடம் கொடுப்பதுதான் எனக்கு எரிச்சல் தரும் பழக்கம். '(புதுசு)' என்ற அடைப்புக்குறியே ஷெல்லைத் தடுக்கிவிடும். பெயரில் அரைப்புள்ளி இருந்தால் அதற்குப் பின்னால் உள்ளது தனிக் கட்டளையாகவே ஓடும். பைதனில் வெளிக் கட்டளைகளை ஓட்டும் சப்ப்ராசஸ்.ரன்னுக்குப் பட்டியலாகக் கொடுத்தால் ஷெல் இடையில் வராது.

கட்டளை முடியும்போது தரும் வெளியேறும் எண்ணைப் பார்க்காமல் விடாதீர்கள், பூச்சியம் என்றால் வெற்றி. பூச்சியம் இல்லாததெல்லாம் பிழை என்றும் எண்ண வேண்டாம்: சொற்களைத் தேடும் கிரெப், எதுவும் கிடைக்காவிட்டால் 1, உண்மையான பிழை என்றால் 2 தரும். பேஷ் என்ற ஷெல்லில் குழாய் போட்டால் (ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பினால்) கடைசிக் கட்டளையின் எண் மட்டுமே தெரியும், ஆகவே இடையில் தோற்றதையும் காட்டும் பைப்ஃபெயிலை இயக்கிவிடுங்கள்.

பிழைச் செய்தியின் சொற்களைத் தேடுவதும் வேண்டாம், கணினியின் மொழியை மாற்றினால் அந்தச் சொற்களும் மாறலாம். வேறு வழியே இல்லை என்றால் மொழியைத் தீர்மானிக்கும் எல்சி_ஆல் மாறியை சி.யூடிஎஃப்-8 என்று வைத்து ஓட்டுங்கள். வெறும் 'சி' வைத்தால் சில கருவிகள் தமிழ் எழுத்துகளைக் கேள்விக்குறியாக்கிவிடும்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் ஓடவில்லையா? கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் மாறியை முதலில் பாருங்கள். கிரானில் அது மிகக் குறுகியது. கருவியின் முழுப் பாதையையும் எழுதிவிட்டால் சரி.