நீச்சல்குளப் பம்பு மோட்டார்: மூன்று நாள் என்னை அலைக்கழித்த சின்ன எண்

பழைய மோட்டார் எரிந்ததும் அதே 1 குதிரைத்திறனில் புதியதை மாட்டினேன். இருபது நிமிடத்தில் சூடேறி நின்றது. ஆறியதும் தானே ஓடியது, மறுபடி நின்றது. கெப்பாசிட்டரை மாற்றினேன், மின்னழுத்தம் அளந்தேன், நீரைத் தள்ளும் சுழல்சக்கரமான இம்பெல்லரில் குப்பை தேடினேன். மூன்று நாள் வீண்.

விடை, மோட்டார் தகட்டின் மூலையில் ‘எஸ்.எஃப்.’ (சர்வீஸ் ஃபேக்டர், அதாவது சுமைப் பெருக்கெண்) என்ற எழுத்துகளுக்கு அருகில் இருந்தது. பழையதில் 1.65, புதியதில் 1.25. குதிரைத்திறனை இந்த எண்ணால் பெருக்கினால்தான் மோட்டார் உண்மையில் தாங்கும் சுமை தெரியும். இம்பெல்லரோ பழைய 1.65 கணக்குக்குப் பொருத்தியது; அந்தச் சுமை புதிய மோட்டாருக்கு அதிகம்! கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பது பாதிக் கதைதான்.

பெருக்கினால் 1.65 வரும், வேகம் மாற்றக்கூடிய மோட்டாரை வாங்கினேன். பாதி வேகத்தில் நீரோட்டம் பாதியாகும். இழுக்கும் மின்திறனோ கணக்குப்படி ஏறக்குறைய எட்டில் ஒன்று. இரு மடங்கு நேரம் ஓடவிட்டாலும் மிச்சம். அதன்பின் ஒருமுறைகூட நிற்கவில்லை.