அந்தமான் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள், குறிப்பாக அந்தக் கடைசி இரவு

அக்கா மகனுக்குக் கல்யாணமாகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. "அந்தமான் போறோம் மாமா, பிளான் சரியா இருக்கான்னு பாருங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினான். ஐந்து இரவு, நான்கு தீவு. கடைசி நாள் காலை ஒன்பது மணிக்கு ஹேவ்லாக் தீவிலிருந்து படகு, மதியம் ஒன்றரைக்குச் சென்னை விமானம். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. 2011-ல் நான் போட்ட பட்டியலும் கிட்டத்தட்ட இதே வரியில்தான் முடிந்தது.

அதற்கப்புறம் ஏழெட்டு முறை போய் வந்துவிட்டேன். தெரிந்தவர்கள் யார் கிளம்பினாலும் பட்டியல் என்னிடம் வருகிறது. தொப்பி, மாத்திரை, கொசு மருந்து பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. அவை வீட்டில் இருப்பவர்களே சொல்லிவிடுவார்கள்.

பழைய பெயர், புதுப் பெயர்

ஹேவ்லாக் 2018 டிசம்பரில் ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் தீவு ஷஹீத் த்வீப் ஆனது. விமானம் இறங்கும் தலைநகர் போர்ட் பிளேர் 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட்டில் எந்தப் பெயர் வந்தாலும் பதறவேண்டாம். வாய்ப்பேச்சில் இன்னும் பழைய பெயர்தான், நானும் அதையே எழுதுகிறேன்.

சென்னை நேரத்துக்குச் சூரியனைத் தேடுவது

இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்தமான் இருப்பது 92, 93 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் நாற்பது நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வருகிறது. டிசம்பரில் ஐந்து மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். மத்தியானத் தூக்கம் போட்டு, டீ குடித்து, ஐந்தரைக்கு ராதாநகர் கடற்கரையில் போய் இறங்குகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். இருட்டைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். மூன்றரைக்கே போய்விடுங்கள். காலையில் சீக்கிரம் எழுந்தால் போதும், மற்றது தானாகச் சரியாகும்.

கடைசி இரவை வெளித்தீவில் கழிப்பது

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

காகிதத்தில் பார்த்தால் குறையே தெரியாது. ஹேவ்லாக்கிலிருந்து போர்ட் பிளேருக்கு வேகப் படகில் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம், அரசுக் கப்பலில் இரண்டரை மணி நேரம். "பதினொன்னுக்குள்ள வந்துடுவோம் மாமா, அப்புறமும் ரெண்டரை மணி நேரம் இருக்கு" என்கிறான் பையன். நானும் இப்படித்தான் விரல் விட்டு எண்ணினேன்.

2011 நவம்பர். மனைவி, ஆறு வயது மகள், மாமியார், நான். காலை எட்டுக்கே படகுத்துறையில், அங்கே ஜெட்டி என்பார்கள், மூட்டைகளோடு நிற்கிறோம். வானம் பளிச்சென்று இருக்கிறது, ஒரு மேகம் இல்லை. படகு கிளம்பாது என்றார்கள். மழையே இல்லையே, ஏன் என்று கவுன்டரில் சண்டைக்குப் போனேன். அங்கே இருந்தவர் தமிழர். "சார், இங்க தெரியுற கடல பாக்காதீங்க. வெளிய போனாத்தான் தெரியும்" என்றார். ஹேவ்லாக்கின் ஜெட்டி ஒதுங்கிய பக்கம் இருக்கிறது, அங்கே தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோல அசையாமல் கிடக்கும். நடுவில் திறந்த கடலில் காற்று அடித்தால், படகை விட வேண்டாம் என்று துறைமுகத்திலிருந்து சொல்லிவிடுவார்கள். வானத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

சரி, அடுத்த படகில் போகலாமே என்று தோன்றும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரு படகு நின்றால் அதன் பயணிகளுக்கு அடுத்த படகில் இடம் தயாராக இருக்காது. அதற்கு ஏற்கெனவே டிக்கெட் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். சீசனில் எல்லாப் படகும் நிறைந்துதான் போகும். அதனால் காலையில் நின்ற கூட்டம் மாலைக் கூட்டத்தோடு சேர்கிறது, இரண்டும் மறுநாள் கூட்டத்தோடு சேர்கிறது. காற்று ஓய்ந்த பிறகும் வரிசை ஓயாது. ஹெலிகாப்டர் உண்டு, ஆனால் இருக்கைகள் சில. நோயாளிகளும் தீவுக்காரர்களும் போக மிச்சமிருந்தால்தான் நமக்கு.

நாங்கள் போர்ட் பிளேர் வந்து சேர்ந்தது மறுநாள் மாலை. படகுக்காரர்கள் படகுக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அவர்கள் மேல் குற்றமில்லை. விமான டிக்கெட் தனிக் கணக்கு. படகு ஓடவில்லை என்பது விமான நிறுவனத்துக்குப் பொருட்டே இல்லை, அவர்கள் கணக்கில் நாங்கள் வராத பயணிகள். நான்கு டிக்கெட்டும் போயிற்று. கவுன்டரில் கேட்ட விலையைக் கொடுத்துப் புதிதாக நான்கு வாங்கினேன், நாற்பத்திநாலாயிரம் ரூபாய். பயணத்துக்கே மொத்தமாக அவ்வளவு ஆகவில்லை. "மாப்பிள்ளை டிக்கெட் போட்டா ஒரு நாள் போனஸ்" என்று மாமியார் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்.

எங்களுக்கு ஒரு நாளோடு போயிற்று. 2016 டிசம்பரில் ஹேவ்லாக்கிலும் நீலிலுமாக 1,400-க்கும் மேற்பட்ட பயணிகள் நாள்கணக்கில் சிக்கினார்கள், கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அழைத்துவந்தன. அந்தக் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்தான் பிறகு வர்தா புயலாகி டிசம்பர் 12 அன்று சென்னையைப் புரட்டிப்போட்டது. அன்றைக்குச் சென்னை விமான நிலையமும் மூடிக்கிடந்தது.

தீர்வுக்குக் கூடுதல் செலவே கிடையாது. வரிசையைத் திருப்பிப் போட்டால் போதும். போர்ட் பிளேரில் இறங்கியதும் அன்றோ மறுநாளோ வெளித்தீவுக்குப் போய்விடுங்கள். போகும்போது படகு தவறினால் படகுக் காசோடு நஷ்டம் முடிந்தது. விமானத்துக்கு முந்தைய நாள் காலைப் படகில் திரும்பிவிடுங்கள். நவம்பர், டிசம்பர் என்றால் நான் இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுவேன். முதல் நாளே பார்த்துவிடலாம் என்று எல்லோரும் வைக்கிற செல்லுலார் சிறை, ராஸ் தீவு, கடைத்தெரு எல்லாவற்றையும் இந்தக் கடைசி நாளுக்கு ஒதுக்குங்கள். 1906-ல் கட்டிமுடித்த சிறை, ஒரு நாள் பொறுத்தால் எங்கேயும் ஓடிவிடாது.

ஸ்கூபா டைவிங் செய்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பலமுறை முங்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் உயரத்தில் குமிழியாகும். காலையில் முங்கிவிட்டு மதியம் விமானம் ஏறத் திட்டமிட்ட ஒருவரை ஜெட்டியில் சந்தித்திருக்கிறேன். அவரைக் காப்பாற்றியதும் நின்றுபோன படகுதான்!

ஐந்து இரவில் நான்கு தீவு

தீவு மாறும் ஒவ்வொரு முறையும் அரை நாள் போகும். மூட்டை கட்டி, அறையைக் காலி செய்து, ஜெட்டியில் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நின்று, வரிசை, சோதனை. ஓய்வெடுக்கப் போனவர்கள் ஜெட்டி ஜெட்டியாக நிற்கிறார்கள். ஒரு தீவு, மிஞ்சினால் இரண்டு. பாராடாங் தீவையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்வேன். சுண்ணாம்புக் குகைக்காக விடிவதற்கு முன்னே எழுந்து, ஜாரவா பழங்குடி மக்களின் காட்டு வழியே வரிசை வண்டிகளில் போகிற பயணம் அது. வண்டிக்குள் பலரின் கண்ணும் குகையைத் தேடுவதில்லை, அந்த மக்களைத்தான் தேடுகிறது. அவர்களைப் படம் எடுப்பது தண்டனைக்குரிய குற்றம். சட்டம் இருக்கட்டும், எனக்கே அந்த வண்டியில் உட்காரக் கூச்சமாக இருந்தது.

கடல் வற்றும் நேரம் பார்க்காமல் அறை எடுப்பது

ஹேவ்லாக்கில் விடுதிகளில் பெரும்பாலானவை கிழக்குக் கரையில், கோவிந்தநகர், விஜயநகர் பக்கம். விளம்பரப் படத்தில் வாசல்வரை நீலத் தண்ணீர் இருக்கும், அது நீர் ஏறிய நேரத்தில் எடுத்த படம். வற்றும்போது வெகுதூரம் உள்வாங்கி, பாறையும் செத்த பவளமும்தான் தெரியும். செருப்பில்லாமல் நடக்க முடியாது. கிழக்குக் கரை விடிகாலைக்கு அருமை, நீந்துவதற்கு மேற்கே ராதாநகர்தான், ஜெட்டியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். நீர் ஏறும் நேரம் ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம்போலத் தள்ளிப்போகும். இன்று பத்து மணிக்குக் குளித்த இடத்தில் ஒரு வாரம் கழித்து அதே பத்து மணிக்குப் போனால் கணுக்கால் தண்ணீர்தான் இருக்கும்.

முதலைப் பலகையோடு செல்ஃபி

பலகை அலங்காரத்துக்கு வைத்ததல்ல. 2010-ல் ராதாநகர் பக்கத்தில் ஒரு வெளிநாட்டுப் பெண்ணை முதலை இழுத்துப்போனது.

சங்கும் பவளமும் பொறுக்குவது

விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

ஜூனில் பாதி விலை

ஏன் பாதி விலை என்று கேளுங்கள். அது மழைக்காலம்.

கையில் பணம்

சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தது 2020 ஆகஸ்டில். அதற்கப்புறம் இணையம் நிறையத் தேறிவிட்டது. இருந்தாலும் வெளித்தீவில் ஏ.டி.எம். காலியாகும், நெட் போகும். ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் அக்கா மகனுக்குப் போனில் சொன்னேன். பாராடாங்கை உடனே எடுத்துவிட்டான். கடைசி இரவைப் பற்றிச் சொன்னதும், "போர்ட் பிளேர்ல ஒரு நாள் வேஸ்ட்தானே மாமா, அவளுக்கு பீச்தான் பிடிக்கும்" என்று இழுத்தான். நாற்பத்திநாலாயிரம் கதையைச் சொன்னேன். சிரித்தான். நேற்று இரவு மறுபடி கேட்டேன், இன்னும் மாற்றவில்லை.